இருபத்திமூன்றாவது பெயர்

வெள்ளவத்தைத் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் வருடத்துக்கொரு முறை கோல்ப் போட்டி நடந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் சிரிப்பார்கள். சபையில் இருந்தவர்கள் கிளாக்கர்மார், பள்ளிக்கூட வாத்தியார்மார், தபால் கந்தோர்க்காரர், சட்டத்தொழில் செய்த ஒரேயொரு புரொக்டர். இவர்களில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு மட்டைகூட இல்லை. ஆனாலும் 1928ஆம் ஆண்டு தொடங்கி, ஒவ்வொரு ஈஸ்டர் திங்கட்கிழமையும் வெள்ளைக்காரர்களின் கோல்ப் கிளப்பில், பதினெட்டுக் குழிகளையும் வெயிலோடு வெயிலாக அவர்கள் சுற்றிவந்தார்கள்.

அந்தப் போட்டிக்குத் தொடக்கம் முதலே செயலாளராக இருந்தவர் செல்லையா.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் படித்து, இருபத்திரண்டு வயதில் கொழும்புக்கு ரயிலேறியவர். மருதானையில் ரயில்வே பண்டகசாலையில் கிளாக்கர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; டைப்ரைட்டரில் பிழை விடமாட்டார். ஒரு கடிதத்தை உறையில் இட்டு ஒட்டிய பிறகும், உள்ளே வைத்தது சரியான கடிதந்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கந்தோரில் இங்கிலீசிலும் கோயிலில் தமிழிலும் பயந்தவர் என்று அவருடைய மனைவி செலீன் சொல்வாள். அவர் அதை மறுத்ததில்லை.

போட்டியை உண்டாக்கியவர் சபையின் போதகர் கிரெய்க். ஸ்கொட்லாந்துக்காரர். கோல்ப் இல்லாமல் ஒரு மனிதன் எப்படி நல்ல கிறிஸ்தவனாக இருக்கமுடியும் என்பது அவருக்கு விளங்காத விஷயம். அவர் அந்தக் கிளப்பில் அங்கத்தவர். சித்திரை நெருங்கும் வெயிலுக்குத் துரைமார் எல்லாரும் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். கிளப் வெறுமையாகக் கிடக்கும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் தன் சபையாரை உள்ளே விடும்படி கேட்டு அனுமதி வாங்கினார். மூன்று பழைய மட்டைகளையும் அவர்களுக்குக் கொடுத்தார்.

மட்டை கிடைத்தது, பழக இடம் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் இருந்த மணலில் பழகினார்கள். மூன்று மட்டையையும் இருபது பேர் மாறிமாறி வாங்கி அடித்தார்கள். ரயிலில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள்.

அதனால் முதலாம் வருடம் நடந்தது வேறெந்தச் சபையிலும் நடந்திருக்காது. புல்லில் வைத்த பந்தை ஒருவராலும் அடிக்கமுடியவில்லை. மட்டை புல்லைப் பெயர்த்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் தற்செயலாக யாருடைய பந்தாவது மணற்குழியில் விழுந்தால், அங்கேயிருந்து அருமையாகக் கிளம்பிப் போனது. பத்தாவது குழிக்கு வருவதற்குள் எல்லாருக்கும் இந்த உண்மை பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு ஒவ்வொருவரும் மணலைப் பார்த்தே குறிவைத்தார்கள். புரொக்டர் பாலசுந்தரம் ஒரு மணற்குழியிலிருந்து அடுத்த மணற்குழிக்கு, அங்கேயிருந்து அதற்கடுத்ததற்கு என்று போய், எல்லாரிலும் குறைந்த அடிகளில் முடித்து, அந்த வருடக் கிண்ணத்தை வென்றார்.

அன்று கிளப் இரவல் கொடுத்த மட்டைகளின் பைகளைத் தூக்க வந்த வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லையாவின் பையைத் தூக்கியவர் கிருலப்பனைக் கால்வாய்க்கரையில் குடியிருந்த சுடலைமுத்து. மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, வேலை தேடிக் கொழும்புக்கு வந்தவர். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த மணல் வந்து, பந்து விழக்கூடாதுன்னு போட்டு வச்சதுங்க."

"விழக்கூடாதோ?"

"ஆமாங்க. நீங்க என்னடான்னா தேடித் தேடிப் போறீங்க, பொண்ணு பாக்கப் போறாப்புல."

செல்லையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லாதை. புரொக்டர் ஐயா கேட்டால் மனம் நோவார்" என்றார்.

வருடங்கள் போகப்போக அவர்கள் புல்லையும் பழகிக்கொண்டார்கள். போட்டிக்கென்று முறைகளும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, யார் விளையாடலாம் என்ற சட்டம். சபை அங்கத்தவர்களின் திருவிருந்துப் பதிவேட்டில் பெயருள்ள வயதுவந்த ஆண்கள் அனைவரும் விளையாடலாம். ஆசைப்பட்டவர் தனியாகப் பெயர் கொடுக்கத் தேவையில்லை. வர விரும்பாதவர்தான் முன்கூட்டிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாசியிலும் செல்லையா பதிவேட்டைத் திறந்து, வராதவர்களை விட்டு மற்றப் பெயர்களை வரிசையாகப் பார்த்து டைப் அடிப்பார். ஒரு பிரதி கிளப்புக்குப் போகும், ஒன்று கோயில் பலகையில் ஒட்டப்படும்.

இதற்கிடையில் சுடலைமுத்து கிளப்பில் போதகர் கிரெய்க்கின் பையை நிரந்தரமாகத் தூக்குகிறவராகிவிட்டார். போதகரோ பந்தை அடித்துவிட்டுச் சும்மா நடக்கிற ஆளில்லை. குழிக்குக் குழி வேதம் சொல்லிக்கொண்டு போவார். ஆறு வருடம் கேட்டுக்கொண்டு நடந்த சுடலைமுத்து, ஒருநாள் பதினோராம் குழிக்குப் போகும் வழியில், "சரிங்க தொரை, நானும் வீட்டுக்காரியும் சேர்ந்துக்கிறோம்" என்றார். 1936 மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு அவருக்கும் மனைவி மயிலம்மாவுக்கும் ஞானஸ்நானம் நடந்தது. புதுப்பெயர் வேண்டுமா என்று போதகர் கேட்டார். இருக்கிற பெயரே போதும் என்றார் சுடலைமுத்து. பதிவேட்டில், ஆண்களின் பக்கத்துக் கடைசி வரியில் அந்தப் பெயர் ஏறியது.

1937 மாசியில் செல்லையா வழக்கம்போலப் பட்டியலை டைப் அடித்தார். கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, ஒரு வரி பார்த்து ஒரு வரி அடித்து, இருபத்திமூன்று பெயர் முடிந்ததும் கையெழுத்திட்டு அனுப்பினார். கடைசிப் பெயர் யாருடையது என்று அவர் நினைக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது, பட்டியலுக்கு வந்தது.

நான்கு நாளில் கிளப்பிலிருந்து பதில் வந்தது. பட்டியலில் உள்ள ஒரு பெயர் தங்களிடம் பை தூக்கும் ஆளுடையதாகத் தெரிகிறது; கிளப்பின் வேலையாட்கள் அந்தத் தரையில் விளையாட அனுமதியில்லை; அந்த ஆள் விளையாடுவதானால் அன்றோடு அவருக்கு அங்கே வேலை இருக்காது; பெயர் தவறுதலாகச் சேர்ந்திருந்தால், அவ்வாறு ஒரு வரி எழுதித் தெரிவித்தால் போதும். கடிதம் மரியாதையாகவே இருந்தது. செல்லையா அதை இரண்டாம் தரமும் வாசித்தார். அவருடைய இலாகாவின் தலைவர் அந்தக் கிளப்பில் அங்கத்தவர்.

அன்று மாலையே கோயிலின் பின்னறையில் மூன்று பேர் கூடினார்கள்: போதகர், பாலசுந்தரம், செல்லையா.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பாலசுந்தரம். அவர் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார். "ஒரு வரி காணும். தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, மன்னிக்கவும். முடிஞ்சுது."

"தவறுதலாகச் சேரேல்லையே ஐயா. பதிவேட்டிலை இருந்தது."

"அப்ப தெரிஞ்சுகொண்டே அடிச்சனீரோ?"

"இல்லை. நான் கவனிக்கேல்லை."

"கவனிக்காமல் செய்தால் அதுக்குப் பேர் தவறுதான் காணும். உம்மைப் பொய் எழுதச் சொல்லேல்லை. உண்மையைத்தான் எழுதச் சொல்லுறன்."

புரொக்டர் சொன்னது சரி. கவனித்திருந்தால் அந்தப் பெயரை அவர் அடித்திருக்கவே மாட்டார். அதுவும் அவருக்குத் தெரியும். பெயரைப் போட்டது தன் நல்ல மனமல்ல, தன் அசதி. அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

போதகர் கிரெய்க் வேதாகமத்திலிருந்து தமிழ் கற்றவர். அவருடைய கோபமும் கவலையும் அந்த நடையிலேயே வரும்.

"செல்லையா, நீர் என்னை மிகுந்த இக்கட்டிலே தள்ளினீர். அந்த மனுஷனுக்கு நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். ஆனாலும் கிளப்பின் கதவு அடைபட்டுப்போமானால், இந்தப் போட்டி அழிந்துபோம்."

"அப்ப நான் என்ன எழுதட்டும், போதகர் ஐயா?"

போதகர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "உமது மனச்சாட்சியின்படியே எழுதும். நாளை மறுநாளுக்குள் எழுதும்."

வீட்டுக்கு வந்து செல்லையா சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தார். செலீன் இரண்டு தரம் கேட்டபிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழம்பை ஊற்றியபடி கேட்டாள்:

"இவ்வளவும் மூண்டு பேருமாக் கதைச்சனீங்கள். அந்த மனிசனிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"எதைக் கேக்கிறது?"

"இதென்ன கேள்வி? பேர் அவருடையது. வேலையும் அவருடையது. உங்களுடையது டைப்ரைட்டர் மட்டும்தானே."

அடுத்த நாள் கந்தோர் முடிந்ததும் செல்லையா பட்டியலின் கரித்தாள் பிரதியைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கிருலப்பனைக்குப் போனார். ஒன்பது வருடமாக அறிந்த மனிதரின் வீடு எதுவென்று அவருக்குத் தெரியாது. கால்வாய்க்கரையில் இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் கண்டுபிடித்தார்.

மயிலம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டாள். "ஐயோ, கோயில்ல யாருக்கும் என்னமும் ஆயிருச்சுங்களா?"

"இல்லை, இல்லை. சும்மா வந்தனான்."

"சும்மா யாருங்க இங்கிட்டு வாராங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

உள்ளேயிருந்து சுடலைமுத்து வந்தார். செல்லையாவுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. கிளப்பில் என்றால் 'சுடலை, இஞ்சை வா' என்பார். இங்கே அந்தச் சொல் வாயில் வரவில்லை. பெயரையும் சொல்லாமல், நீ என்றும் சொல்லாமல், நீங்கள் என்றும் சொல்லாமல் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

சுடலைமுத்து முதலில் சிரித்தார். "எம்பேரா? வெளையாடுற லிஸ்டுலயா?"

"ஓம்."

"இருக்குங்களா, அந்தக் காயிதம்?"

செல்லையா பிரதியை விரித்துக் கொடுத்தார். சுடலைமுத்துவுக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. எது தன்னுடையது என்று கேட்டார். செல்லையா கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல இருக்கிறது யாருங்க?"

"தபால் கந்தோர்ச் சின்னராசா."

"சின்னராசா ஐயாவா? அவருக்குப் பதினாலாங்குழியில வருசா வருசம் பந்து தொலையும்."

"பேரப் பாத்தது போதும்," என்றாள் மயிலம்மா. "வேல போயிருமாமா, போகாதா? அதக் கேளு."

"விளையாடினால் போய்விடும்," என்றார் செல்லையா. "கடிதத்திலை அப்பிடித்தான் இருக்கு."

சுடலைமுத்து காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"இப்ப உங்கள என்னா எழுதச் சொல்றாங்க?"

"பேர் தவறுதலாகச் சேர்ந்துபோச்சு எண்டு."

சுடலைமுத்து காகிதத்தை மடித்தார். இருந்த மடிப்பின்படியே, கவனமாக மடித்தார். "எது தப்புங்க? நான் கோயில்ல சேந்தது தப்பா, லிஸ்டுல சேந்தது தப்பா?"

செல்லையா தன்னையும் மீறி உண்மையைச் சொன்னார். "நான் பாக்காமல் அடிச்சுப்போட்டன். பாத்திருந்தால் விட்டிருப்பன். அதுதான் உண்மை."

மயிலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தா, இதச் சொல்றதுக்காச்சும் ஒரு ஆளு வந்துச்சே."

"நான் ஆடலீங்க," என்றார் சுடலைமுத்து. "ரெண்டு புள்ளைக இருக்கு. ஒரு நா வெளையாட்டுக்கு வேலைய விடமுடியாது. பதிமூணு வருசமா அந்தப் புல்லுல நடக்கிறேன். ஆசை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா ஆடலை. அப்படியே எழுதுங்க. ஆளு இருக்கான், ஆடலைன்னு. தப்புன்னு மட்டும் எழுதாதீங்க."

"அது அவையளுக்குப் பிடிக்காது."

"பிடிக்காதுங்க. எனக்கும் இது பிடிக்கலைதான்."

மறுநாள் செல்லையா டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தார். ஒரு வரி போதும் என்றிருந்தார்கள். அந்த ஒரு வரி அவருடைய விரலில் தயாராகவே இருந்தது. தினமும் கந்தோரில் அப்படிப்பட்ட வரிகளைத்தான் அவர் அடித்துக்கொண்டிருந்தார். இலாகாத் தலைவரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பத்தொன்பது வருடச் சேவை, வரவிருந்த பதவி உயர்வு, மூத்த மகளின் படிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்து நின்றன. மூன்று தாள்களைக் கிழித்தார். நான்காவதில் எழுதினார்: சுடலைமுத்து எங்கள் சபையின் அங்கத்தவர். அவருடைய பெயர் பட்டியலில் முறைப்படியே இருக்கிறது. உங்கள் விதியை முன்னிட்டு இவ்வருடம் அவர் விளையாடமாட்டார். பெயர் பட்டியலிலேயே இருக்கும்.

கடைசி வாக்கியம் அடித்த பிறகு அவருக்கே பயமாக இருந்தது. 'இருக்க அனுமதிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று மாற்றலாமா என்று யோசித்தார். மாற்றவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாராமலே தபாலில் போட்டார்.

பத்து நாளைக்குப் பிறகு பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். கதவு அடைபடவில்லை, போட்டி அழிந்துபோகவில்லை. இலாகாத் தலைவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. செல்லையாவின் பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தி வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமல் இருப்பது அறிந்திருப்பதைவிடக் கஷ்டம் என்று செலீனிடம் ஒருமுறை சொன்னார். பாலசுந்தரம் மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை.

அந்த ஈஸ்டர் திங்களும் சுடலைமுத்து போதகரின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கோயில் பலகையில் ஒட்டிய முடிவுகளில் அவருடைய பெயருக்கு நேரே, அடிகளின் தொகை எழுதவேண்டிய இடத்தில், ஒரு சின்னக் கோடு இருந்தது. 1938இலும் அதே கேள்வி வந்தது; செல்லையா அதே கடிதத்தை எழுதினார். இந்தமுறை தாள் எதையும் கிழிக்கவில்லை.

அந்த வருட முடிவில் ஒருநாள், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைகிற நேரம், சுடலைமுத்து செல்லையாவிடம் வந்தார். வெள்ளவத்தை நூல் ஆலையில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றார். போதகரிடம் சொல்லிவிட்டாராம், கிளப்பிலும் சொல்லிவிட்டாராம். பிறகு மெதுவாக, "இப்ப நான் அங்க வேலக்காரன் இல்லீங்களே?" என்றார்.

செல்லையாவுக்கு அவர் கேட்பது என்னவென்று விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "இல்லை," என்றார். "வேலைக்காரன் இல்லை. பட்டியலிலை பேர் இருக்கு."

1939 ஈஸ்டர் திங்கள். காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. சப்பாத்து இல்லாமல் தரையில் இறங்கக்கூடாது என்பது கிளப்பின் விதி. சுடலைமுத்து வெறுங்காலோடு வந்து நின்றார். அந்த விதி அவருக்குத் தெரியாமலில்லை, அது தனக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாலசுந்தரம் தன் காருக்குப் போய், ஒரு பழைய சப்பாத்துச் சோடியைக் கொண்டுவந்து புல்லில் போட்டார்.

"போடும். பெரிசாய்த்தான் இருக்கும். முன்னுக்குக் கடதாசி வையும்."

"ரொம்ப நன்றிங்க."

"காலுக்குத்தான் குடுக்கிறன் காணும். என்ரை கருத்து மாறேல்லை."

"கருத்து எங்காலுக்குச் சேராதுங்க," என்றார் சுடலைமுத்து. பாலசுந்தரம் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லையாவும் சுடலைமுத்துவும் ஒரு சோடி. முதலில் செல்லையா அடித்தார். பந்து இடப்பக்கம் சரிந்து, வேலியோரம் போய் விழுந்தது. பிறகு சுடலைமுத்து வந்து நின்றார். பழைய கூட்டாளிகள் பைகளைச் சுமந்தபடி பின்னால் நின்றார்கள். "டேய் சுடல, தொரை மாதிரி நிக்கிறாண்டா" என்று ஒருவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. போதகர் கிரெய்க் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

சுடலைமுத்து பந்தைப் பார்த்தார். மட்டையை உயர்த்தினார். அடி சுத்தமாக விழுந்தது. பந்து நேரே எழுந்து, வெயிலுக்குள் மறைந்து, வெகுதூரத்தில் இறங்கியது.

யாரும் கைதட்டுவதற்குள் அவர் மட்டையை அப்படியே புல்லில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். பதினைந்து வருடமாக ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் ஓடி, அது விழுந்த இடத்தில் போய் நின்று பழகிய கால்கள் ஓடின. பாலசுந்தரத்தின் சப்பாத்து தொப் தொப்பென்று அடித்தது. பாதித் தூரம் போனபிறகுதான், அடித்தவர் தானே என்பது அவருக்கு உறைத்தது. நின்றார். திரும்பிப் பார்த்தார். அங்கே நின்ற ஐம்பது பேரில் ஒருவருக்கும், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

செல்லையா குனிந்து மட்டையை எடுத்துப் பைக்காரரிடம் கொடுத்தார். வாய்க்கு இருபக்கமும் கையை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருபோதும் கத்தாத குரலில் கத்தினார்:

"நில்லுங்கோ! பந்து எங்கையும் போகாது. நடந்து போவம், நில்லுங்கோ!"

சுடலைமுத்து இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு காத்துநின்றார். செல்லையா போய்ச் சேர்ந்ததும் இருவரும் நடந்தார்கள். முதலில் வேலியோரம் போய்ச் செல்லையாவின் பந்தைத் தேடினார்கள். அது கிடைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முதற்குழியில் சுடலைமுத்துவுக்கு ஆறு அடி, செல்லையாவுக்கு ஒன்பது. செல்லையா தன் பேனையைத் திறந்து இரண்டையும் அட்டையில் எழுதினார்.